வாமன கர்க்கேராவின் பெருநாடி

பல்லைப் பிடுங்கி மூன்று நாளாகியும் ரத்தம் நிற்கவில்லை. வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வாமன கர்க்கேரா எதிரே வந்து உட்கார்ந்தபோது, திட்டுவதா பேசாமல் இருப்பதா என்று டாக்டர் ஃபிளாவியா குட்டினோவுக்குத் தெரியவில்லை. ஊசி போடுவதானாலும் பல்லைத் தொடுவதானாலும் முதலில் தன்னைக் கேட்க வேண்டும் என்று ஜனவரியிலிருந்து அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க. பல்லு வலிச்சது எனக்குத்தானே" என்றார் அவர், பஞ்சை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு.

கர்க்கேராவுக்கு அறுபத்தாறு வயது. வீடு ஆற்றுக்கு அந்தப்புறம், பெங்ரேயில். மங்களூரின் மீன்பிடித் துறையான தக்கேயிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகுகளில் நாற்பது வருடமாகத் தண்டேல், படகை நடத்தும் தலைவர். படகில் தண்டேல் சொன்னதுதான் சட்டம். அந்தப் பழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார், ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்திருந்தார். ஜனவரியில் கைகளிலும் தொடையிலும் எங்கும் இடித்துக்கொள்ளாமலே ஊதாத் திட்டுகள் வந்து, ரத்தம் பார்த்ததில் பிளேட்லெட் என்கிற தட்டணு முப்பத்தெட்டாயிரம் என்று வந்தது. ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டாயிரம். அப்படித்தான் அவர் ஃபிளாவியாவிடம் வந்தார். அந்த ஆஸ்பத்திரியில் ரத்த நோய்களுக்கென்று இருந்த ஒரே டாக்டர் அவள்தான்.

காய்ச்சல் இல்லை, ஈரலில் கோளாறு இல்லை, குடிப்பதில்லை. கண்ணாடிச் சில்லில் ரத்தத்தை இழுத்து அவளே மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். உடம்பைக் காக்க வேண்டிய காவல்படையே தன் சொந்தத் தட்டணுக்களை அந்நியர் என்று நினைத்து அடித்துக்கொல்லும் நோய் ஒன்று உண்டு. இருபது வருடத்தில் நூற்றுக்கணக்கில் அவள் பார்த்த நோய். ஸ்டீராய்டு மாத்திரை எழுதினாள். எண்ணிக்கை ஐம்பத்திரண்டாயிரம் வரை ஏறியது. பிறகு இறங்கத் தொடங்கியது. அளவைக் கூட்டினாள், எண்ணிக்கையை ஏற்றும் வேறு மாத்திரை ஒன்றையும் சேர்த்தாள். கர்க்கேராவின் முகம் பூசணிக்காய்போல ஊதியது, சர்க்கரை வந்தது. அவர் மனைவி வாரிஜா இன்னொரு பக்கம் தினமும் காலையில் பப்பாளி இலையை இடித்துச் சாறு கொடுத்தாள்.

"உங்க மாத்திரையால சர்க்கரை ஏறுது, அவ சாறால வாய் கசக்குது. ரெண்டாலயும் பிளேட்லெட் மட்டும் ஏறல, டாக்டரம்மா" என்று ஏப்ரலில் அவர் சொன்னபோது ஃபிளாவியாவும் சிரித்தாள்.

இப்போது ஜூன். எண்ணிக்கை முப்பத்தோராயிரம். மருந்து கேட்காவிட்டால் மண்ணீரலை எடுத்துவிடுவது என்று ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லிவிடத்தான் அன்று நினைத்திருந்தாள். அதற்கு முன் மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்க்க அவரைப் படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கச் சொன்னாள். இடது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தினாள். ஒன்றுமில்லை. கையை எடுக்கும்போது உள்ளங்கை தொப்புளுக்கு மேலே பட்டது.

அடியில் ஏதோ துடித்தது.

ஒல்லியான ஆட்களுக்கு வயிற்றில் துடிப்பு தெரியும். இவர் இப்போது ஒல்லி இல்லை. ஃபிளாவியா இரண்டு கைகளையும் துடிப்புக்கு இரண்டு பக்கமும் வைத்தாள். ஒவ்வொரு துடிப்புக்கும் அவள் கைகள் மேலே எழும்பியதோடு நிற்கவில்லை, ஒன்றைவிட்டு ஒன்று விலகின. உள்ளே ஒரு ஆரஞ்சுப் பழம் விரிந்து சுருங்குவதுபோல. ஒரு நிமிடம் முழுக்க அப்படியே கையை வைத்திருந்தாள். கர்க்கேரா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"ஜனவரியில வயித்துக்கு ஒரு ஸ்கேன் எழுதிக் குடுத்தேனே வாமனண்ணா, எடுத்தீங்களா?"

அப்போது சீசன் ஓடிக்கொண்டிருந்தது என்றும், சீட்டு சட்டைப் பையோடு துவைக்கப் போய்விட்டது என்றும் அவர் சொன்னார். ஃபிளாவியா மேசைக்குத் திரும்பி அவருடைய கோப்பைப் புரட்டினாள். ஜனவரிப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஸ்கேன் என்று இருந்தது. மண்ணீரல் தட்டுப்படவில்லை என்றும் இருந்தது. பிப்ரவரியில் எண்ணிக்கை இருந்தது. மார்ச்சில், ஏப்ரலில், மே மாதத்தில் எண்ணிக்கை இருந்தது. ஸ்கேன் என்ற சொல் அதற்குப் பிறகு எங்குமே இல்லை. கேட்கவில்லை. அவர் எடுக்காததை அவளும் தேடவில்லை.

மதியத்துக்குள் படம் வந்துவிட்டது. இதயத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் பெருநாடி, சிறுநீரகங்களுக்குக் கீழே, இரண்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு புள்ளி இரண்டு சென்டிமீட்டருக்குப் புடைத்திருந்தது. புடைப்பின் உட்சுவர் முழுக்க உறைந்த ரத்தம் அப்பியிருந்தது. ரத்தத்தை உறையவைக்கும் நாரான ஃபைப்ரினோஜன் இருநூறுக்கு மேல் இருக்க வேண்டும். எண்பத்து நான்கு இருந்தது. உறைந்தது கரைவதைக் காட்டும் அளவு, இயந்திரத்தின் எல்லையைத் தாண்டியிருந்தது. அந்த முடிவுகள் வருவதற்கு முன்பே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. புடைத்த பைக்குள் ரத்தம் சுழன்று, சுவரில் உறைந்து, கரைந்து, மறுபடி உறைந்துகொண்டிருந்தது. பகலும் இரவும் அதே வேலை. தட்டணுக்களும் நாரும் அங்கேயே செலவாகி, பல்லிடுக்குக்கு வேண்டியபோது மிச்சம் இல்லாமல் போயிருந்தன. காவல்படைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஐந்து மாதம் அவள் வேறொரு நோய்க்கு வைத்தியம் செய்திருந்தாள்.

ஃபிளாவியா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறகு படத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் உதயசங்கர் ரையைப் பார்க்கக் கிளம்பினாள்.

ரை ரத்தக்குழாய் அறுவை நிபுணர். கைத்திறமையில் அந்த ஊரில் அவருக்கு இணை கிடையாது. அது அவருக்கும் தெரியும். ஃபிளாவியாவின் கையெழுத்து இல்லாமல் கத்தி எடுக்க முடியவில்லை என்று சாப்பாட்டு அறையில் அவர் புலம்புவது எல்லோருக்கும் தெரிந்த கதை. படத்தை விளக்குப் பலகையில் மாட்டியதும் அவர் கண்கள் விரிந்தன. தொடையிடுக்கு வழியாகக் கம்பி செலுத்தி, துணி போர்த்திய ஸ்டென்ட் குழாயை உள்ளே விரித்துப் பையை அடைத்துவிடலாம், வயிற்றைக் கிழிக்கவே வேண்டாம், குழாய் பிடித்து நிற்கப் பைக்கு மேலே புடைக்காத நாடி வேண்டிய நீளத்துக்கு இருக்கிறது என்று மளமளவென்று சொன்னார். அதற்குப் பிறகுதான் எண்ணிக்கையைக் கேட்டார். கேட்டதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"முப்பத்தோராயிரத்தை வெச்சுக்கிட்டு ரெண்டு தொடையிலயும் பெரிய ரத்தக்குழாயைத் திறக்கச் சொல்றீங்க. போன மாசம் அறுபதாயிரம் இருந்த ஆளைத் திருப்பி அனுப்பினது யாரு ஃபிளாவியா?"

"நான்தான். அவருக்கு ஏற வேற வழி இருந்துது. இவருக்கு அந்தப் பையை அடைச்சாத்தான் ஏறும்."

"ஏறினாத்தான் நான் அடைப்பேன்."

"தெரியும். ஒரு வாரம் குடுங்க. எழுபத்தஞ்சுக்கு மேல கொண்டுவந்து தரேன்."

பாட்டில் பாட்டிலாகப் பிளேட்லெட் ஏற்றப்போகிறாளா என்று அவர் கேட்டார். அதுவும் பைக்குள் போய்த்தான் செலவாகும் என்றாள். முதலில் உறைவதை நிறுத்த வேண்டும், அதற்கு ஹெபாரின், மிகக் குறைந்த அளவில், நரம்பு வழியாக, சொட்டுச் சொட்டாக. ரை ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து அது. வாயில் ரத்தம் ஒழுகுகிற ஆளுக்கு அதைக் கொடுக்கப்போவதாக, அந்த ஆஸ்பத்திரியிலேயே எச்சரிக்கைக்குப் பெயர்போன பெண் சொல்கிறாள்.

அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த ஏழு நாளும் ரத்த அழுத்தத்தைத் தன் ஆட்கள்தான் பார்ப்பார்கள், பை வெடித்தால் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் அந்த நிமிடமே கத்தியை எடுப்பேன், அப்போது யாரும் தடுக்கக் கூடாது என்றார். தடுக்க மாட்டேன், கூடவே நிற்பேன் என்றாள் ஃபிளாவியா.

அதைவிடக் கஷ்டமான வேலை மிச்சம் இருந்தது. கர்க்கேராவைச் சேர்த்திருந்த அறைக்கு அவள் போனபோது வாரிஜா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மகள் அக்ஷதா ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளியிலிருந்து நேராக வந்திருந்ததால் கொட்டும் மழையில் நனைந்த புடவை. ஃபிளாவியா கதவை ஒருக்களித்துவிட்டு, எதையும் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தாள்.

"ஜனவரியில நான் சொன்ன வியாதி இவருக்கு இல்ல. நான் தப்பா முடிவு பண்ணிட்டேன். ஸ்கேன் எடுத்தாங்களான்னு கேட்டிருக்கணும், கேக்கல. வயித்துல கைய சரியா வெச்சிருந்தாலே தெரிஞ்சிருக்கும்."

பிறகு என்ன நோய், என்ன செய்யப்போகிறார்கள், ஹெபாரின் எதற்கு, அது இல்லாவிட்டால் என்ன ஆகும், அதைக் கொடுத்தும் என்ன ஆகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பை எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. வாரிஜா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அக்ஷதா அவள் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அஞ்சு மாசம் தப்பான மருந்து. அதுல அப்பாவுக்கு சர்க்கரை வந்ததுதான் மிச்சம். இப்ப நீங்களே வந்து ரத்தம் நிக்காதவருக்கு ரத்தத்தை இளக்குற மருந்து போடப்போறேங்கிறீங்க. எதை வெச்சு டாக்டர் நம்புறது?"

"என்னை வெச்சு நம்ப வேண்டாம்" என்றாள் ஃபிளாவியா. பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். பெங்களூரில் இருக்கும் ஒரு ரத்த நோய் டாக்டரின் நம்பர். இரண்டு வருடம் முன்பு ஒரு மாநாட்டில் எல்லோர் முன்னிலும் அவள் சொன்னதைத் தப்பு என்று காட்டிய ஆள். "இவருக்கு எனக்காகப் பேசணும்னு எந்த அவசியமும் இல்ல. ரிப்போர்ட் எல்லாம் அனுப்பிட்டேன். நீங்களே கேளுங்க. இதையே அவர் சொல்லலேன்னா நான் விலகிக்கறேன், வேற இடத்துக்கு ஆம்புலன்ஸ் நானே ஏற்பாடு பண்றேன்."

அக்ஷதா சீட்டை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள். இருபது நிமிடம் பேசினாள். அந்த இருபது நிமிடமும் கர்க்கேரா தன் வயிற்றின்மேல் கை வைத்துத் துடிப்பைத் தானே தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் அவருக்கு அது அகப்பட்டது.

"இதுவா? இது ரெண்டு வருஷமா இருக்கே. பசின்னு நெனச்சேன்."

"பசியா? இத்தனை நாள் சொல்லல?" என்றாள் வாரிஜா.

"சொன்னா இன்னும் ரெண்டு கரண்டி சோறு போடுவே. அதான் நடந்துது" என்று சொன்னவர் ஃபிளாவியா பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, சீட்டைத் துவைக்கப் போட்டது நான். அதையும் உங்க தப்போட சேர்த்து எழுதிக்கங்க. மருந்தை ஆரம்பிங்க."

மகள் திரும்பி வந்தாள். பெங்களூர் டாக்டரும் ஹெபாரினைத்தான் சொல்லியிருந்தார். கூடவே, எண்ணிக்கையை ஏற்றக் கொடுத்த அந்த இரண்டாவது மாத்திரை ரத்தம் உறைவதற்கு இன்னும் தூண்டும், அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், ஸ்டீராய்டை மட்டும் மெல்ல மெல்லக் குறைக்கட்டும் என்றும் சொல்லியிருந்தார். மாத்திரையை மதியமே நிறுத்தியாகிவிட்டது என்று ஃபிளாவியா சீட்டைக் காட்டினாள். அக்ஷதா அதை வாங்கி நேரம் எழுதியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு சம்மதப் படிவத்தில் அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.

மாலை நாலு மணிக்கு வார்டின் தலைமை நர்ஸ் சிஸ்டர் பின்சி, மருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளிநோயாளி அறைக்கே வந்துவிட்டாள். பதினெட்டு வருட அனுபவம், கோட்டயத்துக்காரி.

"இது உங்க கையெழுத்துதானே டாக்டர்?"

"ஆமா சிஸ்டர்."

"வாயில பஞ்சு வெச்சிருக்காரே, அந்த ஆளுக்குத்தானே?"

ஃபிளாவியா நோயாளியை உட்கார்த்தி வைத்துவிட்டு வெளியே வந்து, மூன்றாவது முறையாக அன்று அதே விளக்கத்தைச் சொன்னாள். பின்சி கேட்டுக்கொண்டாள். அவளுக்குச் சமாதானம் ஆனதா என்று முகத்தில் தெரியவில்லை. மணிக்கு இத்தனை யூனிட் என்பதை எண்ணில் மட்டும் எழுதாமல் எழுத்திலும் எழுதித் தரச் சொன்னாள், ஒரு பூஜ்யம் கூடிப்போனால் ஆள் போய்விடுவார் என்று. ஃபிளாவியா எழுதிக் கொடுத்தாள். எல்லோரும் தன்னை இப்படிக் கேள்வி கேட்பது அன்றைக்கு அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் காலை எண்ணிக்கை இருபத்தொன்பதாயிரம். ஈறில் கசிவு கொஞ்சம் கூடியிருந்தது. ரை போனில் எண்ணைக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ஃபிளாவியாவுக்கு. படியில் இறங்கும்போது, இந்த முறையும் தப்பாக இருந்தால் என்ற நினைப்பு ஒருமுறை குறுக்கே வந்தது. தப்பாக இருந்தால் எதில் முதலில் தெரியும் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பிளேட்லெட்டில் இல்லை. எலும்பு மஜ்ஜை புதிதாக ஆக்கி அனுப்ப நாளாகும். ஃபைப்ரினோஜன் நாரை ஈரல் ஒரே நாளில் ஆக்கிவிடும். உறைவது நின்றிருந்தால் முதலில் ஃபைப்ரினோஜன்தான் ஏறியிருக்க வேண்டும். அந்த முடிவு இன்னும் வரவில்லை. போன் செய்து கேட்கப் பொறுமை இல்லாமல் ஆய்வகத்துக்கே இறங்கிப் போய் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றாள்.

நூற்று இருபத்தொன்று.

எண்பத்து நான்கிலிருந்து நூற்று இருபத்தொன்று. அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் ரையின் மேசைமேல் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

"பிளேட்லெட் இறங்கியிருக்கே" என்றார்.

"நாளான்னைக்கு ஏறும். தியேட்டரை வியாழக்கிழமைக்குப் போட்டு வையுங்க."

"ஏறலேன்னா?"

"ஏறும்."

நாலாம் நாள் நாற்பத்து மூன்றாயிரம் ஆனது. ஈறு காய்ந்தது. கர்க்கேரா பஞ்சைத் துப்பிவிட்டு நீர்தோசையும் மீன்குழம்பும் கேட்டார். ரத்த அழுத்தத்துக்காக உப்பில்லாத கஞ்சி வந்தது, அதற்கு சிஸ்டர் பின்சியிடம் சண்டை போட்டார். அழுத்தம் ஏறும் என்று அவள் கையை ஓங்கியதும் அடங்கிப்போனார்.

இதற்கிடையில் பிளேட்லெட் கொடுக்க ஆள் வேண்டும் என்று ரத்த வங்கியிலிருந்து சொல்லியனுப்பினார்கள். அறுவையின்போது ஏற்ற இரண்டு பையாவது கையில் இருக்க வேண்டும். மழைக்கால மீன்பிடித் தடை. படகெல்லாம் தக்கேயில் கட்டிக் கிடக்கிறது. பெங்ரேயில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் வலை பின்னிக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் வீட்டில்தான் இருந்தார்கள். தண்டேலுக்கு ரத்தம் வேண்டும் என்று தெரிந்ததும் மறுநாள் காலை முதல் படகிலேயே பதினாலு பேர் ஆற்றைக் கடந்து வந்து ரத்த வங்கி வாசலில் நின்றார்கள். ரத்த வங்கி டாக்டர் ஆறு பேரைத் திருப்பி அனுப்பினார். நாலு பேர் உடம்பு வலிக்கு மாத்திரை போட்டிருந்தார்கள், அந்த மாத்திரை தட்டணுவைக் கெடுத்துவிடும். ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இன்னொருவரிடம் காலை ஒன்பது மணிக்கே கள் வாசனை அடித்தது. தண்டேலுக்கு அது கொடுத்தால்தான் தெம்பு வரும் என்று அவர் வாதாடிப் பார்த்தார். மிச்சம் எட்டுப் பேரில் நரம்பு நன்றாக இருந்த மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, அறுவைக்கு முந்திய நாள் காலை வெறும் வயிற்றோடு வராமல் சாப்பிட்டுவிட்டு வரும்படி சொல்லி அனுப்பினார்கள்.

ஆறாம் நாள் அறுபத்தாறாயிரம். புதன்கிழமை எழுபத்தொன்பதாயிரம், ஃபைப்ரினோஜன் இருநூற்றுப் பத்து. ரை அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சொன்னதைவிட நாலாயிரம் கூட" என்று மட்டும் சொன்னார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

வியாழன் காலை ஆறு மணிக்கு ஹெபாரின் பம்பை நிறுத்தினார்கள். பத்தரைக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். முதுகில் ஊசி போட்டு மரக்கச்செய்வது இங்கே ஆபத்து, தண்டுவடத்தின் பக்கத்தில் ரத்தம் கசிந்தால் கால் போய்விடும் என்பதால் முழு மயக்கம்தான் என்று மயக்க டாக்டர் முன்பே முடிவு செய்திருந்தார். ஃபிளாவியா தியேட்டருக்குள் வந்து வருடக்கணக்காகிவிட்டது. ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றாள். கூடவே நிற்பேன் என்று சொல்லியிருந்தாளே.

தோலைக் கீறுவதற்கு முன் பெங்ரேக்காரர்களின் பிளேட்லெட் பை ஒன்றைத் தொங்கவிட்டாள். மஞ்சள் கலங்கலாகச் சொட்டு இறங்கியது. ரை இரண்டு தொடையிடுக்கிலும் சின்னதாகத் திறந்து, ரத்தக்குழாயைக் கண்ணால் பார்த்தே பிடித்தார். வழக்கமாக ஊசித் துளை வழியாகவே செய்பவர், இன்று திறந்து செய்தால் தையல் போட்டு மூடலாம், துளையை நம்ப வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். கம்பி உள்ளே போகும் நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் ஹெபாரின் வேண்டும்; எவ்வளவு என்பதை ஃபிளாவியா சொன்னாள், வழக்கத்தில் பாதிக்கும் குறைவு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உறையும் நேரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் அன்றைக்கு இரண்டு பேருடைய குரல்தான் கேட்டது, அவருடையதும் அவளுடையதும்.

திரையில் பை தெரிந்தது. எக்ஸ்ரேயில் தெரியும் மையைச் செலுத்தியபோது ரத்தம் அதற்குள் சுழன்று தேங்குவதை அவள் முதல்முறையாகக் கண்ணால் கண்டாள். ஐந்து மாதம் தாள்களில் எண்ணாக மட்டும் பார்த்த விஷயம். ரை குழாயை விரித்தார். மறுபடி மை செலுத்தியபோது மேல் விளிம்பில் மெல்லிய கோடாக ஒரு கசிவு. கசிந்துகொண்டே இருந்தால் பை மூடாது, எண்ணிக்கையும் ஏறாது. ரை பலூனை மறுபடி உள்ளே விட்டு ஊதி, ஒரு நிமிடம் பிடித்து, தளர்த்தினார். மூன்றாவது மை, குழாய்க்குள் நேராக வழுக்கிக்கொண்டு இரண்டு கால்களுக்கும் இறங்கியது. பைக்குள் ஒரு சொட்டும் போகவில்லை.

தையல் போடும்போது இடது தொடையில் கொஞ்சம் ஒழுகியது. ரை விரலை வைத்து அழுத்திக்கொண்டே, "இன்னொரு பிளேட்லெட் பை இருக்கா?" என்றார். இருக்கிறது, ஆனால் வேண்டாம், இன்னும் ஐந்து நிமிடம் அழுத்துங்கள் என்றாள் அவள். அவர் அழுத்தினார். நின்றது. மொத்தம் போன ரத்தம் ஒரு காபி தம்ளர் அளவுதான்.

மறுநாள் கர்க்கேரா கண் விழித்துப் படகு சாமான்களைப் பற்றித் தம்பியிடம் போனில் அதட்டிக்கொண்டிருந்தார். அதற்கும் மறுநாள், எண்ணிக்கை ஐம்பத்து நான்காயிரத்துக்கு விழுந்தது. ரை தானே அவள் அறைக்கு வந்துவிட்டார்.

"என்ன இது? அடைச்சாச்சு. இன்னும் ஏன் இறங்குது?"

பையில் சிறைப்பட்ட ரத்தம் கடைசியாக ஒருமுறை மொத்தமாக உறைகிறது, அதற்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது, நாரும் கொஞ்சம் இறங்கியிருக்கும், மூன்று நாளில் திரும்பும் என்றாள் ஃபிளாவியா. நேற்றே இதைக் குறிப்பில் எழுதி வைத்திருந்ததையும் காட்டினாள். ரை படித்தார், அவருக்கு எதிரே இருந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு போய்விட்டார். ஐந்தாம் நாள் ஒரு லட்சத்து ஐயாயிரம் வந்தது. கர்க்கேரா வீட்டுக்குப் போனார்.

ஜூலை மாத மருத்துவர் கூட்டத்தில் இந்தக் கேஸைப் பற்றிப் பேச ரையைத்தான் கேட்டிருந்தார்கள், நல்ல அறுவை என்று. ஃபிளாவியா தானே பேசுவதாகச் சொல்லி எழுந்து போனாள். முதல் படத்தில் ஜனவரிப் பக்கத்தைப் போட்டாள், தன் கையெழுத்தோடு. ஸ்டீராய்டுக்கு எண்ணிக்கை கொஞ்சம் ஏறியதும் தன் முடிவு சரிதான் என்று நினைத்துக்கொண்டதாகவும், அதற்குப் பிறகு அதைச் சந்தேகிக்கவே இல்லை என்றும் சொன்னாள். ஃபைப்ரினோஜன் சோதனைக்கு ஒரு சின்னக் குழாய் ரத்தம் போதும், ஐந்து மாதத்தில் ஒருமுறைகூட எடுக்கவில்லை என்றாள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பிறகுதான் ஹெபாரினையும் அறுவையையும் சொன்னாள், அதைச் சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை. வயதான ஆளுக்குக் காரணம் தெரியாமல் தட்டணு குறைந்தால் இனி எல்லோரும் வயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தில் எழுதிக்கொள்ளப்பட்டது.

ஆகஸ்டில் படகுகள் கடலுக்குப் போயின. கர்க்கேரா போகவில்லை. கனம் தூக்கக் கூடாது, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று ரை சொல்லியிருந்தார். தக்கேயில் பலகைமேல் உட்கார்ந்து எல்லோருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருப்பதாக வாரிஜா புகார் சொன்னாள். முகத்தின் ஊதல் வடிந்திருந்தது. ஸ்டீராய்டு நின்றிருந்தது. சர்க்கரைக்கு இன்னும் பாதி மாத்திரை ஓடியது. பிளேட்லெட் ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரம்.

அந்தத் தடவை அப்பாவையும் அம்மாவையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அக்ஷதா மட்டும் உள்ளே நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும் டாக்டர். அந்த அஞ்சு மாசத்துல அது வெடிச்சிருந்தா?"

"பெங்ரேயிலேருந்து படகு ஏறி இங்க வர்றதுக்குள்ள போயிருப்பார்" என்றாள் ஃபிளாவியா.

அக்ஷதா தலையாட்டினாள். "அப்பா உங்களைப் பத்தி ஊரெல்லாம் பெருமையா சொல்லிட்டிருக்கார். என்னால அப்படிச் சொல்ல முடியல. நீங்க மறைக்கல, அது தெரியும். ஆனா கோபம் போகல."

"போகணும்னு இல்ல" என்றாள் ஃபிளாவியா.

பிறகு அக்ஷதா இன்னொன்று கேட்டாள். இந்த நோய் குடும்பத்தில் வருமா, அப்பாவுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி இருக்கிறார்கள், இரண்டு பேரும் பீடி. வரும், இரண்டு பேரையும் இந்த வாரமே அழைத்து வாருங்கள் என்றாள் ஃபிளாவியா. வர மாட்டார்கள், இழுத்து வர வேண்டும் என்று அக்ஷதா சொன்னபோது, வாசலில் காது வைத்திருந்த கர்க்கேரா தான் இழுத்து வருவதாக உள்ளே குரல் கொடுத்தார்.

சொன்னபடி திங்கட்கிழமை இழுத்து வந்தார். தம்பி சேஷப்பாவின் பெருநாடி பழுதில்லாமல் இருந்தது; அவர் வெளியே வந்து பரீட்சையில் தேறியவர்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். எழுபது வயதான அண்ணன் சீனனுக்கு நாலு புள்ளி ஒன்று. இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், பீடியை விட வேண்டும், வருடம் ஒருமுறை அளக்க வேண்டும் என்று ஃபிளாவியா சொன்னாள். சீனன் அதை ஏற்கவில்லை, கருவிதான் தப்பு என்றார். தம்பியை அளந்த கருவிதானே, அவனுக்குச் சரியாக அளந்தது உனக்கு எப்படித் தப்பாக அளக்கும் என்று கர்க்கேரா படி இறங்கும்வரை அவரோடு வாதாடிக்கொண்டே போனார். கீழே மூன்று மணிப் படகுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.